உடம்புக்குள் புகையும் நெருப்பு! கொங்குச் சமையல் அதை அணைக்குமா?

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் பக்கத்தில், தேக்கம்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊரில் பாப்பம்மாள் என்ற மூதாட்டி வாழ்ந்தார்.

1914-ம் ஆண்டு பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பாட்டி எடுத்து வளர்த்தார். பிறகு மளிகைக் கடை நடத்தினார். மிச்சம் பிடித்த காசில் நிலம் வாங்கினார். சிறுதானியம், பருப்பு, காய்கறி, வாழை என்று பயிரிட்டார். நூறு வயதைத் தாண்டிய பிறகும் தோட்ட வேலையை அவர் விடவில்லை!

2021-ம் ஆண்டு அவருக்கு 'பத்மஸ்ரீ' பட்டம் கிடைத்தது. 2024 செப்டம்பரில் காலமானார்.

அவர் பெயரைக் கேட்டதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அந்த ஆத்தா என்ன சாப்பிட்டாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் நூறு ஆண்டு வாழ்ந்தார் என்பதற்காக, அவர் சாப்பிட்டதெல்லாம் அமிர்தம் என்று சொல்லிவிட முடியாது. அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு அறுபதில் போனவர்களும் அதே ஊரில் இருந்திருப்பார்கள். ஆகையால் ஒரு பாட்டியை மட்டும் பார்த்தால் போதாது. ஆராய்ச்சிக்காரர்கள் என்ன கண்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

நல்ல நெருப்பும் கெட்ட நெருப்பும்

காலில் முள் குத்துகிறது. என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது. சுடுகிறது. வீங்குகிறது. வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார்.

இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'அழற்சி'. அழல் என்றால் நெருப்பு. உடம்புக்குள் நுழைந்த கிருமியை எரிப்பதற்காக உடம்பே மூட்டும் நெருப்பு அது. வேலை முடிந்ததும் அணைந்துவிடும். அது நல்ல நெருப்பு.

சிலருக்கு அது அணைவதில்லை. உமியில் பிடித்த தீயைப் போல, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. புகை பிடிப்பதும், தூக்கம் கெடுவதும், உட்கார்ந்தே இருப்பதும் அதை விசிறி விடுகின்றன. இந்தப் புகைச்சலுக்கும் சர்க்கரை வியாதிக்கும், மாரடைப்புக்கும், சில வகை மூட்டு வலிக்கும் உறவு உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

புகைகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. 'சி.ஆர்.பி.' என்று அதற்குப் பெயர். 1930-ல் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஈரல்தான் இதை உண்டாக்குகிறது. சாதாரண சளிக் காய்ச்சலுக்கும் இந்த எண் ஏறும். அதனால் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது.

பத்துக் கோடிப் பேர்!

இது எங்கோ இருக்கும் பணக்கார நாட்டின் கவலை அல்ல. சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய அகில இந்தியக் கணக்கு ஒன்று 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி! இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்!

உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை?

குன்னூர் எலிகள்

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ரெயில் ஏறினால் குன்னூர் வந்துவிடும். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ராபர்ட் மெக்கரிசன் என்ற அயர்லாந்து டாக்டர் அங்கே உணவு ஆராய்ச்சி நடத்தினார்.

அவர் எலிகளை வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபியர் சாப்பாடு போட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்கு வங்காளச் சாப்பாடு. மற்றொரு கூட்டத்துக்குச் சென்னை ராஜ்யச் சாப்பாடு. அதாவது நம்முடைய வெள்ளைச் சோறு, அதோடு கொஞ்சம் குழம்பு.

கடைசியில் எலிகளை நிறுத்துப் பார்த்தார். பஞ்சாபியர் சாப்பாடு தின்ற எலியின் சராசரி எடை சுமார் 235 கிராம். நம் சாப்பாடு தின்ற எலி? சுமார் 155 கிராம். எல்லாக் கூட்டத்திலும் அதுதான் கடைசி!

இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், ஜாம், டின் இறைச்சி, சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் வளரவில்லை. ஒன்றோடொன்று சண்டை போட்டன. அறுபதாம் நாள் வாக்கில், வலுவான எலிகள் நோஞ்சான் எலிகளைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன!

குரங்குகளுக்கும் சத்தில்லாத சாப்பாடு போட்டுப் பார்த்தார். அவற்றின் வயிறும் குடலும் புண்ணாகி அழன்று கிடந்தன.

எலியும் குரங்கும் மனிதன் ஆகிவிடா. ஆனாலும் தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வயிற்றை நிரப்புகிறவனுக்கு ஏதோ குறைகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆந்திரக் கடற்கரையில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களை 'பெரிபெரி' நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் நாட்டில் அது அவ்வளவாக இல்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றிருப்பது அதுதான்.

கோவையின் இரண்டு கைகள்

கோவை விவசாயக் கல்லூரியில் 1923-ல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கம்பு, சோளம், ராகி, தினை என்று ஒவ்வொன்றிலும் நல்ல விதை தேடினார்கள். அதே ஊரில் அதற்கு முன்பே, 1912-ல், கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. ஒரு கையால் கம்பு, மறு கையால் சர்க்கரை! எந்தக் கை ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் பெரும்பகுதி மேட்டாங்காடு. மழையை நம்பிய பூமி. கம்மஞ்சோறும், சோளச்சோறும், ராகிக் களியும்தான் குடியானவர் வீட்டுச் சாப்பாடு. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டும். மாப்பிள்ளை வந்தால் அரிசி வேகும்!

1950-களில் பவானிசாகர் அணை வந்தது. வாய்க்கால் ஓடியது. நெல் விளைந்தது. பிறகு ரேஷன் கடை வந்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. பசியை ஒழித்ததில் அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை யாரும் குறை சொல்லக் கூடாது. பட்டினி கிடந்த வீட்டுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் பண்டிகைச் சோறு தினசரிச் சோறாகிவிட்டது. மூன்று வேளையும் அதுவேதான்!

கணக்கு இதோ

தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம் கூட இல்லை. அதே 100 கிராம் கம்பிலும் ராகியிலும் 11 கிராம் இருக்கிறது. ராகியில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10-ஐ எட்டுவதே கஷ்டம்.

நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. செரிக்காத சரக்கால் என்ன லாபம் என்று கேட்கலாம். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு நார்தான் சாப்பாடு. அதைத் தின்று அவை சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் குடலின் உள்சுவரைக் காக்கின்றன. உள்ளே புகையும் நெருப்பையும் தணிக்கின்றன. நார் கிடைக்காவிட்டால் அந்தக் குடித்தனக்காரர்கள் குடல் சுவரின் பூச்சையே சுரண்டித் தின்னத் தொடங்குகிறார்கள்!

2019-ல் நியூசிலாந்து விஞ்ஞானிகள் 185 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். நார்ச்சத்து நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் மாரடைப்பும் சர்க்கரை வியாதியும் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. தினம் 25 முதல் 29 கிராம் வரை போதும் என்றார்கள். வெள்ளைச் சோற்றை மட்டும் வைத்து அந்தக் கணக்கை எட்ட வேண்டுமானால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி வேண்டும்!

மாட்டுக்குப் போடுகிற கொள்ளா?

கொங்கு நாட்டின் தனிச் சொத்து கொள்ளு. திருநெல்வேலிப் பக்கத்தில் 'காணம்' என்பார்கள். "அது குதிரைக்கும் மாட்டுக்கும் போடுறதுங்க" என்று நாகரிகக்காரர்கள் ஒதுக்கினார்கள். வண்டி இழுக்கும் மாட்டுக்கு ஏன் அதைப் போட்டார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை! 100 கிராம் கொள்ளில் 21 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கிக் கழுவி, முந்தின இரவே ஊற வையுங்கள். காலையில் புதுத் தண்ணீர் விட்டு, விரலில் நசுங்கும்படி வேக வையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் ரசத்துக்கு உயிர்!

ஒரு கை சின்ன வெங்காயம், நாலைந்து பூண்டுப் பல், சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய், ஒரு தக்காளி, கறிவேப்பிலை. இவற்றைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். வெந்த கொள்ளோடு சேர்த்து, உப்பும் மஞ்சள் தூளும் போட்டுக் கரகரவென்று அரையுங்கள். கொள்ளுப் பருப்பு தயார். எடுத்து வைத்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதி வந்ததும் இறக்கினால் கொள்ளு ரசம். ஒரே அடுப்பில் இரண்டு பதார்த்தம்!

கூடவே தண்டுக்கீரையோ முருங்கைக்கீரையோ கடைந்து வையுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். முழுக்க மாற வேண்டும் என்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு வேளை மாறினாலே ஆரம்பம்தான்.

ஈரோட்டு மஞ்சள்

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லி, 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கூட வாங்கிவிட்டார்கள்! இந்திய அரசின் விஞ்ஞானத் துறை வழக்காடியது. 1997-ல் அது ரத்தாயிற்று.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் அழற்சியைத் தணிப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அது லேசில் ரத்தத்தில் சேராது. அதோடு மிளகின் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது 20 மடங்கு கூடுதலாகச் சேர்ந்தது என்று 1998-ல் பெங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் கண்டார்கள். நம் ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே கொதிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

அதற்காக ரசம் மருந்தாகிவிடாது. அரை டீஸ்பூன் மஞ்சள் தூளில் குர்குமின் 50 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ஆராய்ச்சிகளில் கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு. அப்படியானால் மாத்திரையாக வாங்கி விழுங்கலாமே என்று சிலர் கிளம்பினார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அப்படி விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டுப் போயிற்று. மஞ்சள் சமையலில் இருக்கட்டும். மாத்திரையில் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

"கொள்ளு ரசம் குடிக்கிறேனுங்க, இனிமேல் சர்க்கரை மாத்திரை எதுக்குங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இது ஆபத்தான பேச்சு. சாப்பாடு புகைச்சலைக் குறைக்கும். பற்றி எரிகிற வீட்டை அணைக்காது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், மூட்டு வாத மருந்து ஆகிய எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உணவை மாற்றியபின் சர்க்கரை குறைந்தால், மருந்தின் அளவைக் குறைப்பது அவர் வேலை.

ராகி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும் தவறு. நைஸாக அரைத்த மாவில் செய்த கூழும் களியும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கைப்பிடியளவு களிக்குக் கிண்ணம் நிறையக் கீரையும் கொள்ளுப் பருப்பும் என்பதே சரியான கணக்கு. கம்பையே மூன்று வேளையும் சாப்பிட்டால் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பருப்பு எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கடைகளில் சிறுதானிய பிஸ்கட்டும் நூடுல்ஸும் குவிந்தன. பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, கடைசியில் ஒரு சிட்டிகை ராகி! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வாசகம் வேறில்லை.

அதே 2023-ல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. மெக்கரிசனின் எலிகள் வாழ்ந்த குன்னூரும் நீலகிரியில்தான் இருக்கிறது!

கம்மங்கூழ் செய்ய

கம்பை லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்ச நேரம் வையுங்கள். உரலில் குத்திப் புடைத்தால் மேல் உமி போய்விடும். உரல் இல்லாதவர்கள் மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். ரவையாக உடைத்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீரில் கிளறி வேக வையுங்கள். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடிக்கலாம்.

கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். மாவாக அரைத்து வைத்தால் சில நாட்களிலேயே கசந்துவிடும். ஆகையால் தானியமாக வாங்கி வைத்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.