ஹெவ்லொக் டவுனில் ஒரு கல்லும் இல்லை

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. அதன் மேல் உம்மா பூச்சாடி வைத்திருக்கிறார். அது எங்களுடையது அல்ல என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யாருடையது என்று கேட்டால், "பக்கத்து வீட்டு மாமியுடையது, கலவரத்துக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போக ஏலாமல் விட்டுவிட்டுப் போனவை" என்று உம்மும்மா சொல்லுவார். அதோடு கதை முடிந்துவிடும்.

உயர்தரத்தில் நான் வரலாறு படிக்கிறேன். தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி பற்றி வகுப்பில் ஓர் ஒப்படை தந்தார்கள். மண்டேலாவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள் என்று நினைத்து, ஒரு முஸ்லிமைத் தேடினேன். அப்போதுதான் இமாம் அப்துல்லாஹ் ஹாரூனை அறிந்தேன். இந்தக் கட்டுரை அவரில் தொடங்கி எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒப்படைக்கு இது பொருந்தாது என்பதால் சஞ்சிகைக்கு எழுதுகிறேன்.

இமாம் ஹாரூன் கேப்டவுனில் கிளேயர்மொண்ட் பகுதியிலுள்ள அல்ஜாமிஆ பள்ளிவாசலின் இமாம். வெள்ளையர் அல்லாதோரை ஊர்விட்டு ஊர் துரத்திய சட்டங்களை மிம்பரில் நின்று கண்டித்தவர். கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குப் போய், கைதானவர்களின் குடும்பங்களுக்கு உதவி செய்தவர். 1969 மே 28ஆம் திகதி பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் அவரைப் பொலிஸார் பிடித்தார்கள். 123 நாட்கள் தனிச் சிறை, வழக்கு இல்லை. செப்டெம்பர் 27ஆம் திகதி அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

படிக்கட்டில் விழுந்தார் என்றது பொலிஸ். பிரேத பரிசோதனையில் உடலெங்கும் கன்றிய காயங்கள், ஒரு விலா எலும்பு முறிவு. 1970இல் நடந்த மரண விசாரணை யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஜனாஸாவுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் வந்து, மௌபிரே மையவாடி வரை தோளில் சுமந்து நடந்தார்கள். அடக்கம் நடந்த அன்றிரவே கேப் பகுதியில் பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதைப் பற்றி அங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்களாம். நான் அதில் அர்த்தம் தேடப் போவதில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று.

குடும்பம் விடவில்லை. 1994இல் ஆட்சி மாறியது. ஆயர் டெஸ்மன்ட் டுட்டு தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1996இல் விசாரணைகளைத் தொடங்கியது. குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. 7,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் வாயே திறக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், பெரும்பாலும் கொண்டுபோகவில்லை. டுட்டுவின் ஆணைக்குழுவை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது.

2022 நவம்பரில் இமாமின் மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நீதிபதி டானியல் தூலாரே தீர்ப்பளித்தார்: அவர் படிக்கட்டில் விழுந்து இறக்கவில்லை, பொலிஸாரின் சித்திரவதையால் இறந்தார். இடையில் 54 வருடங்கள். மனைவி கலீமா 2019இலேயே மௌத்தாகிவிட்டார். தண்டிப்பதற்கும் யாரும் மிஞ்சவில்லை. பிறகு எதற்கு இந்த விசாரணை என்று என் தம்பி கேட்டான். அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதப்பட்டிருந்தது, அது அழிக்கப்பட்டது என்றுதான் அவனுக்குச் சொன்னேன். அஹ்மத் தீமோல் என்ற இளம் ஆசிரியருக்கும் இப்படித்தான். 1971 ஒக்டோபர் 27இல் பொலிஸ் கட்டடத்தின் பத்தாம் மாடியிலிருந்து தானாகக் குதித்தார் என்று எழுதியிருந்தார்கள். 2017இல் நீதிமன்றம் அது கொலை என்றது.

கேப்டவுன் நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. அங்கு இஸ்லாத்தை வேரூன்றச் செய்தவராக மதிக்கப்படும் ஷெய்க் யூசுபை ஒல்லாந்தர் முதலில் நாடுகடத்தியது இலங்கைக்குத்தான். 1684இல் இங்கு வந்தார், 1694இல்தான் கேப்புக்கு அனுப்பப்பட்டார்.

இனி நமது ஊர். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அவர்களை அடக்கம் செய்ய 24ஆம் திகதி பொரளை கனத்தையில் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் கிளம்பியது. மறுநாள் திங்கட்கிழமை வெள்ளவத்தை எரிந்தது. கடைகள், வீடுகள், வாகனங்கள், மனிதர்கள். தாக்கியவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்று அன்று தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எந்த வீட்டில் தமிழர் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் போனார்கள்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசாங்கத்தின் கணக்கு சில நூறு. மற்றக் கணக்குகள் 3,000 வரை போகின்றன. இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது என்று யோசித்தேன். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25இலும் 27இலும் கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 53 பேர் என்று திட்டமாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் சிறையில் பதிவேடு இருந்தது. வீதியில் இறந்தவர்களுக்குப் பதிவேடு இல்லை. தேடிப் போய்த் தாக்குவதற்குப் பெயர்ப்பட்டியல் இருந்திருக்கிறது, இறந்த பிறகு ஒரு பட்டியல் இல்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2001இல் முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் ஓர் ஆணைக்குழு விசாரித்தது. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சந்திரகுப்த தேனுவர என்ற சிங்கள ஓவியர் பல வருடங்களாக ஜூலை மாதத்தில் கொழும்பில் இதை நினைவூட்டிக் கண்காட்சி வைக்கிறார். சீதுவை ரத்தொளுகம சந்தியில் காணாமலாக்கப்பட்டோருக்கான நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவரும் அவரே. அங்கு தென்னிலங்கைத் தாய்மார் ஒவ்வொரு ஒக்டோபர் 27இலும் பிள்ளைகளின் படங்களோடு கூடுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில், பஸ்ஸில் போய்வரும் காலி வீதியில், ஹெவ்லொக் வீதியில், 83ஐச் சொல்லும் ஒரு கல்லையும் நான் காணவில்லை.

காத்தான்குடியில் கல் தேவையில்லை, சுவரே இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள், சிறுவர்களும் அதில் இருந்தார்கள். புலிகளே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்ல, புலிகள் மறுத்தார்கள். நீதிமன்றத்தில் எவரும் தண்டிக்கப்படவில்லை. துப்பாக்கிச் சன்னம் துளைத்த அடையாளங்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 3உம் ஷுஹதாக்கள் தினம். ஏழாம் வகுப்பில் இருந்தபோது வாப்பா என்னை அங்கு கூட்டிப்போனார். சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன், பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அதே மாதம் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் நம்மவர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனையில், கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்று அந்த ஊர் மக்கள் சொல்கிறார்கள். ஏறாவூரை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தேன். வீரமுனை என்ற பெயரை இந்த வருடம்தான் முதன்முதலாக வாசித்தேன். இதை எழுதலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எழுது, ஆனால் ஏறாவூரையும் சேர்த்து எழுது" என்றார்.

இதையெல்லாம் வாசித்த பிறகுதான் உம்மும்மாவிடம் கொப்பியோடு போய் உட்கார்ந்தேன். நீங்களும் உங்கள் வீடுகளில் செய்யலாம், பெரிய வேலை இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். எத்தனை மணி, எந்தக் கதவு, யார் யார் வீட்டில் இருந்தார்கள், என்ன சமைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அப்போது வேறு கதை வரும்.

உம்மும்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை. பக்கத்து வீட்டு மாமியையும் மகள்மாரையும் பின்பக்க மதிலால் எடுத்து, மூன்று இரவுகள் உள்ளறையில் வைத்திருந்தார்கள். வெளியே வந்து கேட்டவர்களிடம் அப்பா, உம்மும்மாவின் கணவர், யாருமில்லை என்று சொன்னார். இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் பெருநாளுக்குப் பெருநாள் சொல்லப்படும் கதை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இன்னொரு முறையும் கதவு தட்டப்பட்டிருக்கிறது. முன்கதவு. பெண் குரல், கூடவே ஒரு பிள்ளை அழும் சத்தம். உள்ளே இருப்பவர்கள் அகப்பட்டுவிடுவார்கள் என்று அப்பா கையைக் காட்டித் தடுத்தாராம். இரண்டு மூன்று தரம் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "உங்கட அப்பா மௌத்தாகும் மட்டும் அதைப் பத்திக் கதைக்கல்ல" என்றார் உம்மும்மா. நாற்பது வருடங்களுக்கு மேலாக உம்மாவுக்கும் அதைச் சொல்லவில்லை. இதை அச்சில் போட அவர் சம்மதித்தார், உம்மா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை.

கொப்பியில் திகதி எழுதினேன். நேரம் கேட்டேன், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்பு என்றார். எந்தப் பக்கமாகப் போனார்கள் என்று கேட்டேன், டிக்மன்ஸ் வீதிப் பக்கமாக இருக்கும் என்றார். பெயர் கேட்டேன். தெரியாது என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.