அடுப்பு முந்தியா, ஆலயம் முந்தியா?

கிருஷ்ணகிரி ஜில்லாவில், போச்சம்பள்ளி வட்டாரத்தில் உள்ள நாகரசம்பட்டியைப் போன்ற ஓர் ஊரில் கோயில் திருப்பணி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்துக்கு வர்ணம் தீட்ட வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை அமைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ரசீதுப் புத்தகம் வருகிறது. அதே தெருவில் வைத்தியச் செலவுக்கு வழியற்ற ஒரு குடும்பம் இருக்கிறது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓசூர்த் தொழிற்சாலைக்குப் புறப்படும் ஒரு பையனும் இருக்கிறான். நம் கையில் இருப்பதோ ஐந்நூறு ரூபாய். அதை எதற்குக் கொடுப்பது?

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவர். “சுவாமிக்குக் கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்” என்பது ஒரு கட்சி. “கல்லுக்கு எதற்குப் பால்? பிள்ளைக்குக் கொடு” என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் ஒருமுறை வடலூர் வரை போய் வருவது நல்லது. அங்கே இவ்வழக்குக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி, இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்காகப் பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை அவருக்கு அளித்தார்கள். பசித்து வந்தவரிடம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை என்பதே அச்சாலையின் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே ஜோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞான சபை திறக்கப்பட்டதோ 1872-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில்தான். அதாவது, அடுப்பு முதலில் வந்தது. ஆலயம் ஏறத்தாழ ஐந்து ஆண்டு கழித்து வந்தது.

அடிகளாருக்குப் பக்தி குறைவு என்று எவரேனும் சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கான பாடல்களால் இறைவனை உருகி உருகிப் பாடியவர் அவர். அப்படிப்பட்டவரே, உயிர்களின் பசியைத் தீர்ப்பதுதான் கடவுள் வழிபாட்டின் தலைவாயில் என்று கருதினார்.

இனி, எதிர்க்கட்சியின் பக்கம் திரும்புவோம். அடிகளாரின் பாடல்களை ‘அருட்பா’ என்று வழங்கலாகாது எனக் கடுமையாக மறுத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சைவ ஆகம நெறியிலிருந்து நூலிழையும் விலகாதவர். அந்தச் சச்சரவு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அந்த நாவலர் பின்னர் செய்தது என்ன? 1877-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்! சாஸ்திரத்தில் எதிரெதிர்த் திசையில் நின்ற இரு பெரியோர்களும் கஞ்சிப் பானையருகே ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இது புதிய வழியுமன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவனே நாள்தோறும் பொற்காசு வைத்து, அப்பரும் சம்பந்தரும் அடியார்களுக்கு அமுது படைக்கச் செய்தான் என்று பெரிய புராணம் கூறுகிறது. அந்தக் காசைக் கொண்டு கோபுரம் எழுப்பும்படி அவன் கட்டளையிடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

“அப்படியானால் கோயில் எதற்கு? பசி தீர்க்கச் சர்க்கார் இருக்கிறதே, போதாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடிற்று. நாகரசம்பட்டிப் பகுதியை அன்று தன்னுள் கொண்டிருந்த சேலம் ஜில்லா மிகக் கொடுமையாக அடிபட்டது. 1877-இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய சர்க்கார் அனுப்பிய பிரபுவின் பெயர் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். ‘டெம்பிள்’ என்றால் ஆங்கிலத்தில் கோயில்! கோயிலின் பெயர் தாங்கிய அந்தக் கனவான், நாள் முழுதும் உழைக்கும் கூலியாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்டார். அது உயிரைத் தாங்காது என்று சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். கூலி பின்னர் உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் மாண்டவர்கள்தாம்.

அங்கே சோறு இருந்தது. சோற்றைப் பெறுபவனிடம் மதிப்பு இல்லை. பசித்தவன் ராத்தலால் நிறுக்கப்படும் ஒரு செலவினமாக ஆனான். வடலூரிலோ அவன் இறைவன் விளங்கும் ஓர் உயிர். வாசலுக்கு வந்த விருந்தினன். இவ்வேற்றுமையை உண்டாக்கியது எது? பக்தியே அன்றோ? மனிதனின் தேவை காலத்தால் முந்தியது. அதைத் தீர்க்கும் கையை இரக்கமுள்ள கையாக்குவது பக்தி. பசியை மறந்த பக்தி வெறும் ஆடம்பரம்; அன்பை மறந்த உதவி வெறும் கணக்கு.

இன்றைய பசி சோற்றுப் பசி மட்டுமன்று. மருந்து, பள்ளிக் கட்டணம், நல்ல குடிநீர், ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளிக்கு ஒண்ட ஓர் இடம் ஆகிய யாவும் அதில் அடங்கும். தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. 2012-இல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னமிடும் ஏற்பாடு வந்தது. அதனால் அரங்கனின் பெருமையோ முருகனின் பெருமையோ குறைந்துவிட்டதாக எந்தப் பக்தரும் வருந்தவில்லை.

எனவே, திருப்பணிக் கமிட்டியாருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: திருப்பணி தாராளமாக நடக்கட்டும். ஆனால் மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியில் அந்தத் தெருவின் நோயாளியையும் மாணவனையும் எழுதுங்கள்; கோபுர வர்ணத்தை இரண்டாம் வரியில் எழுதுங்கள். சுவாமி காத்திருப்பார். ஞான சபையின் ஜோதியே ஐந்து ஆண்டு காத்திருந்தது. பசிதான் காத்திராது.