கழியறிந்த கைகளும் விஞ்ஞானமும்

சுற்றுப்புறச் சீர்கேடுகளைப் பற்றிப் பேசுவோர், பழங்குடி மக்களின் அறிவும் விஞ்ஞானமும் ஒன்றுகூடல் வேண்டுமென்று அடிக்கடி கூறக் கேட்கின்றோம். கூற்று இனியதே. ஆயின் அவ்விரண்டும் எவ்விடத்து, எவ்வாறு கூடுவன என்று வினவின், விடை கூறுவார் அரியர். ஆதலின் யாம் இதனைப் பொதுப்பட ஆராயாது, திருவள்ளூர் மாவட்டத்தின் கீழைக் கரையில் உள்ள ஒரு கழியை எடுத்துக்கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

கொசஸ்தலையாறு கடலொடு கலக்குமிடத்தில் எண்ணூர்க் கழி உளது. அதன் வடபால் பழவேற்காட்டு ஏரி. இரண்டனையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கின்றது. தென்பால் மணலியின் எண்ணெய் ஆலைகள். வடமேற்கே கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைகள். கழியின் அருகிலேயே அனல்மின் நிலையங்களும், 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற துறைமுகமும். நெய்தல் நிலத்துக்கு இரங்கல் உரிப்பொருள் என்று யாம் வகுப்பறையில் மனப்பாடம் செய்கின்றோம். இக்கழியின் இரக்கம் தலைவியைப் பற்றியதன்று என்பதனை ஆண்டுச் சென்றார் அறிவர்.

இங்கு வலையும் படகுமின்றி வாழ்வோர் இருளர். அவர் நீர் வற்றும் பொழுதறிந்து கழியில் இறங்கி, சேற்றினுள் கைகளைச் செலுத்தி இறாலைத் தடவிப் பிடிப்பர். ஓலையால் முடைந்த பறியைப் பற்களாற் கவ்விக்கொள்வர். கைகள் இரண்டும் ஒழிந்திருத்தல் வேண்டுமன்றோ? பெண்டிரும் இத்தொழிலில் ஆடவர்க்குப் பின்னிடார். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை. அடிநிலம் மணலோ, களியோ, இளஞ்சேறோ என்பதனையும், எச்சேற்றில் இறால் ஒடுங்கும் என்பதனையும் விரல்களே உணர்த்துகின்றன. நூலிற் கற்கும் எமக்கு இஃது ஒரு கல்வியாகத் தோன்றாதிருக்கலாம். எனினும் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தை நாடோறும் தொட்டுத் தேர்வதைக் கல்வி என்னாது வேறென்னென்பது?

இனி விஞ்ஞானிகள் கூறுவதைக் காண்போம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தொடு முகத்துவாரத்தின் வழியே கழியிற் புகுந்து, சில திங்கள் வளர்ந்து, மீண்டும் கடலை நாடும். ஆதலின் முகத்துவாரம் அடைபட்டால் இறாலும் இல்லையாகும். அதனைத் திறந்து வைப்பது யாது? கழியினுள் ஏறி இறங்கும் நீரின் விசையே. கழி ஆழமும் அகலமும் உடையதாயின் மிகுந்த நீர் ஏறும். அந்நீர் வடியும்பொழுது வாயிலிற் சேர்ந்த மணலை அரித்துத் தள்ளும். கழியைத் தூர்த்தால் விசை குன்றும். கரையோரமாக நகரும் மணல் வாயிலை மூடும். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கியே நகர்கின்றது. சென்னைத் துறைமுகம் கட்டப்பெற்ற பின்னர், அதன் தென்பால் மெரினா மணற்பரப்பு அகன்றதும், வடபால் இராயபுரக் கரை அரிப்புண்டதும் இதனாலேயே.

கழியைத் தூர்த்தவற்றுள் தலையாயது சாம்பல். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பல் உண்டு. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் ஆக்கிவருகின்றது. அதன் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பற் குளத்துக்குச் செலுத்துவர். குழாய்கள் உடைந்தொழுகிய இடங்களிலெல்லாம் சாம்பல் கழியின் அடியிற் படிந்தது. மீனவர் தொடுத்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ஆம் ஆண்டில் மின்கழகத்தையே இதற்குப் பொறுப்பாக்கிற்று.

அடிநிலம் மாறிற்று என்பதனை முதலில் அறிவது கையே. கால் வைத்தவுடன் புதையும் சாம்பற் சேற்றையும் இயற்கைச் சேற்றையும் இருளர் வேறு பிரித்து உணர்வர். எம்மடையில் எப்பொழுது தொடங்கிற்று என்றும் கூறவல்லர். ஆராய்ச்சியாளர் ஒரு நாள் வந்து, இரண்டோர் இடங்களில் நீர் முகந்து செல்வாராயின், இத்தொடர்ச்சி அவர்க்குக் கிட்டாது. ஆயின் கைக்கும் எல்லையுண்டு. இதனை மறைத்துப் பழமையைப் புகழ்வது எமக்கு உடன்பாடன்று. சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் முதலியன சிறிய அளவிற் கலந்துள்ளன. இறாலின் தசையிற் சேர்ந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. அதனை விரல் அறியாது. ஆய்வுக்கூடத்துக் கருவியே அறியும்.

கடலிலும் இவ்வாறே. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னைக் கரையின் மீனவர் வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் வழங்குவர். 2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபொழுது, அது தெற்கே மெரினாவையும் திருவான்மியூரையும் எட்டிற்று. வாடைக்காலத்து வன்னியை அறிந்தார்க்கு இது வியப்பன்று. ஆயினும் கரையொதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ளுவதற்கே மீனவர் பெரிதும் பயன்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தொடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கழியிற் புகுந்தபொழுதும் அள்ளினவர் அவரே. அழிவு நேர்ந்தபின் கூலிக்கு அழைப்பதை அறிவின் கூட்டுறவு என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

மெய்யான கூட்டுறவுக்கு எடுத்துக்காட்டு இல்லாமலும் இல்லை. அதுவும் இருளரிடத்தேயே உளது. பாம்புத் தோல் வாணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர், ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் துணையோடு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்தனர். மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் அவர் பாம்புகளைப் பிடித்துவந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சினின்று பாம்புக்கடி மருந்து ஆக்கப்படுகின்றது. அன்றியும், அமெரிக்காவின் பிளாரிடாவில் அயல்நாட்டு மலைப்பாம்புகள் பெருகி ஆண்டுள்ள விலங்குகளை அழித்தபொழுது, 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரைப் பிளாரிடாப் பல்கலைக்கழகத்தார் வருவித்தனர். முதல் 8 நாட்களில் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023-இல் அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. இங்கு அவர் கூலியாட்களாக அல்லர், வல்லுநராகவே அழைக்கப்பெற்றனர் என்பது நோக்கத்தக்கது. கடல்கடந்த நாட்டார் தேடிவந்த வல்லமையை எண்ணூரில் தேடுவார் யார்?

கழியில் எவ்விடத்து நீரும் சேறும் எடுப்பது என்பதனை முதலில் இருளரையும் மீனவரையும் கேட்டுத் துணிதல், ஒரு நாளோடு ஒழியாது நான்கு பருவத்தும் எடுத்தல், கண்ட எண்களைத் தமிழில் எழுதி அவர்தம் குடியிருப்புக்களில் வைத்தல் — இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. நம் வேதியியல் வகுப்பினர் குப்பிகளோடு புறப்படுவாராயின், அவ்வெண்களை இறால் பிடிப்பார்க்கு விளங்கும் தமிழில் எழுதித்தரும் பணியைத் தமிழ் வகுப்பினராகிய யாம் ஏற்றுக்கொள்வோம்.