கருவியின் அளவும் ஆளின் அளவும்

நாஞ்சில் என்னுஞ் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். கருவியின் பெயரையே தாங்கிய இந்நாட்டில், விதையின் அளவையும் உரத்தின் அளவையும் நுணுகி விசாரிக்கும் நிலவுடையோர், கருவிப்பிடியின் அளவை விசாரிப்பது அரிது. வேலைக்கேற்ற கருவி வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆளுக்கேற்ற கருவியும் வேண்டும் என்பதே இங்கு சொல்ல வந்தது.

இது நமக்குப் புதிய சங்கதியன்று. தலைச்சுமை எடுப்போர் வைக்கும் சும்மாடு, பாரத்தை ஓரிடத்தில் அழுத்தவிடாது பரப்பிக் கொடுக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர்.

கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரண்டு போகத்திலும் மிகுந்த சிரமந்தரும் வேலை கைக்களை பறித்தலாகும். அதைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உடம்பில் என்ன நேர்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு இடுப்புக்கு மேற்பட்ட பாரம் ஏறத்தாழ 30 கிலோ. அவள் நன்றாகக் குனிந்து நிற்கையில் அப்பாரம் முதுகெலும்பின் அடிமூட்டுக்கு முன்னே சுமார் 30 சென்டிமீட்டரில் தொங்குகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ மூட்டுக்குப் பின்னே 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி, தசை 180 கிலோ அளவு இழுத்தாக வேண்டும்! கையில் ஒரு புல் மாத்திரம் இருக்க, முதுகில் இரண்டு நெல் மூட்டைப் பாரம். மாலையில் இடுப்பு வலி என்று அவள் சொன்னால் அது சாக்கன்று.

நிமிர்ந்து நின்று களையெடுக்கக் கோனோவீடர் வந்துள்ளது. 1960-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த கருவி இது. பற்களுள்ள இரண்டு கூம்புருளைகள் எதிரெதிர் திசையில் பொருத்தப்பட்டிருத்தலால், முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும்போது களை பிடுங்கப்பட்டுச் சேற்றில் அமிழ்கிறது. வரிசை நடவு இருந்தாலன்றி இதனால் பயனில்லை. திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது இதற்கும் சேர்த்துத்தான். வயலில் சிறிது நீர் நிற்க வேண்டும்.

எனினும், கருவி வாங்கிய பல வீடுகளில் அது சாய்ப்பில் துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பெண்களைச் சோம்பேறிகள் என்று குறைகூறுவோர் முதலில் பிடியின் உயரத்தை அளந்து பார்க்கட்டும். கடையில் கிடைப்பவற்றுட் பல ஆண்களின் உயரத்துக்கே பொருந்துவன. தள்ளும் கருவியின் பிடி, தோள் உயரத்தில் பத்தில் ஏழு முதல் எட்டுப் பங்கு வரை இருத்தல் நலம். தோள் உயரம் 125 சென்டிமீட்டராயின், பிடி 88 முதல் 100 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்போனால் தோள் வலிக்கும்; கீழ்ப்போனால் முதுகு மறுபடியும் குனியும். இறுகிய களிமண்ணில் கனமான கருவியைக் காட்டிலும் இலேசான ஒற்றை உருளைக் கருவி மேல்.

அமெரிக்காவில் பெத்லெகேம் இரும்பாலையில் 1898 முதல் 1901 வரை ஊழியம் பார்த்த டெய்லர் என்பவர், ஒரு வாரலுக்கு ஏறத்தாழ 9.5 கிலோ இருந்தால்தான் ஆள் நாள்முழுதும் அதிகம் வாரக்கூடும் என்று கண்டார். கனமான தாதுவுக்குச் சிறிய மண்வாரியும் இலேசான கரித்தூளுக்குப் பெரிய மண்வாரியும் கொடுத்தார். அவர் நோக்கம் முதலாளியின் இலாபமே. ஆயினும் முறை கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில், போபாலில் 1976-ல் ஏற்பட்ட மத்திய வேளாண் பொறியியல் நிலையமும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் விவசாயத் தொழிலாளரின் உடலளவுகளை எடுத்திருக்கின்றன. போபால் நிலையத்தின் ‘நவீன்’ அரிவாள் பல் வைத்தது; அடிக்கடி தீட்ட வேண்டுவதில்லை; பிடியும் கைக்கு அடங்கும்.

கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகக் கருவி தருவிக்கும் கிராம அதிகாரிகள், ஒரே அளவில் மொத்தமாக எழுதிக் கேட்க வேண்டாம். களையெடுக்கும் பெண்களில் உயரமானவர், நடுத்தரமானவர், குட்டையானவர் மூவரைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி, பிறகு வாங்குக. முன்னரே வாங்கிய கருவியாயின், உள்ளூர்ப் பட்டறையில் பிடிக்குழாயில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று துளைகள் இட்டு, மரையாணியால் ஏற்றி இறக்கும்படி செய்து கொள்ளலாம். கும்பப்பூ நடவு முடியுமுன் இதைச் செய்தால் முதற்களைக்கே உதவும்.