பழைய பிக்கப்புக்கு நாலாவது கியர்

1972 செவ்ரோலே சி10 பிக்கப்பை அமெரிக்க நெடுஞ்சாலையில் விரட்டினால் இன்ஜின் கதறும். டர்போ 350 ஆட்டோமேட்டிக்கில் மூன்றே கியர், மூன்றாவது 1:1. பின் அச்சு 3.73, டயர் உயரம் 28 அங்குலம் என்றால், 65 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று. 1982-இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸில் நாலாவது கியர் 0.70. அதை மாட்டினால் 2,000-ஐ ஒட்டி இறங்கிவிடும். முதல் கியரும் 2.52-க்குப் பதில் 3.06, சுமையோடு கிளம்பச் சுலபம்.

குறுக்குச் சட்டத்தைப் பின்னே தள்ளுவது, புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைச் சரிபார்ப்பது எல்லாம் பட்டறையில் வழக்கமான வேலைதான். நான் அஞ்சுவது த்ராட்டில் வால்வு கேபிளுக்கு. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்த ஒல்லிக் கம்பிதான், மிதிக்கு ஏற்ப உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அது தளர்ந்திருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, கேபிள் கடைசிவரை இழுபடுகிறதா என்று குனிந்து பார்க்காமல் வண்டியை நான் வெளியே எடுக்க விடமாட்டேன்.