காயலான் கடைக்குப் போகாத போர் விமானங்கள்!

தேவதானப்பட்டியிலிருந்து கம்பம் வரை அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு ஜீப் ஒன்றும் அதிசயமில்லை. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் சிலவற்றுக்கு, ஓட்டுகிறவரைவிட வயது அதிகம்! இன்ஜின் மக்கர் செய்தால் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஓடவைத்துவிடும் மெக்கானிக்குகளும் அந்தப் பக்கம் உண்டு.

அந்த ஜீப்பின் மூதாதை, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த ராணுவ வண்டி. 1947-ல் மஹிந்திரா நிறுவனம் அதை இந்தியாவில் பாகங்களைக் கோத்து விற்கத் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் ஜீப்புக்கு வேலை இருந்தது, பிழைத்துக்கொண்டது. அதே போரில் பறந்த விமானங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரும்பாலானவை உடைத்து உருக்கப்பட்டன. மிஞ்சிய சிலவற்றைத் தேடிப் பிடித்து, விலை கொடுத்து வாங்கி, மறுபடி பறக்கவைக்கத் துடிக்கும் மனிதர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

அப்பா ஓட்டிய விமானம்

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம், ‘டக்கோட்டா’. ஏர் கமோடர் எம்.கே.சந்திரசேகர், இந்திய விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, பழுதடைந்து கிடந்த ஒரு டக்கோட்டாவை 2011-ல் வெளிநாட்டில் வாங்கினார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உள்ள ‘ரிஃப்ளைட் ஏர்வொர்க்ஸ்’ நிறுவனம் அதைச் செப்பனிட்டது. பிறகு அதை இந்திய விமானப்படைக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

2018 ஏப்ரலில் அந்த விமானம் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, நாடு நாடாக இறங்கி, எண்ணெய் நிரப்பி, ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ம் தேதி டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் முறைப்படி படையில் சேர்ந்தது. வைத்த பெயர், ‘பரசுராமா’. எழுதப்பட்ட எண், வி.பி.905.

அந்த எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று, சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண் அது. அடுத்த ஆண்டு மே மாதம், ஏர் கமோடர் மெஹர் சிங் 11,000 அடிக்கும் மேல் உயரத்தில் இருக்கும் லே நகரில், ஆற்றங்கரை மணலில் போட்ட ஓடுதளத்தில் இறக்கியதும் டக்கோட்டாவைத்தான். அன்று ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானம் இதுவல்ல, அதன் உடன்பிறப்பு. ஆனாலும் 2021 குடியரசு தின அணிவகுப்பில் இது டெல்லி வானத்தைக் கடந்தபோது, பழைய விமானப்படைக்காரர்கள் பலருக்குத் தங்கள் இளமையே பறந்து வந்ததுபோல இருந்திருக்கும்.

கான்பூரில் கிடந்த பூதங்கள்

வெளியிலிருந்து வாங்கி வந்த கதை இது. இங்கிருந்து வெளியே போன கதையும் உண்டு. போர் முடிந்ததும், ‘லிபரேட்டர்’ என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் கான்பூரில் ஏராளமாகக் கைவிடப்பட்டன. யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்பதற்காக அவற்றைச் சேதப்படுத்திவிட்டுத்தான் போனார்கள்.

சுதந்திர இந்தியாவிடம் கனரக குண்டுவீச்சு விமானம் கிடையாது. வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் கான்பூர் போனார்கள். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இப்படி உயிர்பெற்றவை சுமார் 40! 1968 வரை அவை இந்திய வானத்தில் பறந்தன.

உலகில் மற்ற நாடுகள் எல்லாம் லிபரேட்டரை உருக்கி முடித்திருந்த காலம் அது. அதனால், இந்தியாவில் ஓய்வுபெற்றவற்றுக்குத் திடீர் மவுசு. லண்டன், கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் டூசான் என அருங்காட்சியகங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன. ஒன்றை 1981-ல் டக் அர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கிப் பிரித்துக் கொண்டுபோனார். அவரிடமிருந்து 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1989-ல், அது மறுபடி பறந்தது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் 13 ஆண்டுகள் சும்மா கிடந்த விமானம்!

பறக்கவிடலாமா, நிறுத்திவைக்கலாமா?

வாங்குவது சுலபம்; வைத்திருப்பதுதான் கஷ்டம். யானை வாங்கினவன் கதைதான். உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது; பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அலுமினியத் தகடுகள் சேரும் இடங்களில் அரிப்பு உள்ளுக்குள்ளேயே பரவும். வெளியே பளபளப்பாகவே தெரியும்.

ஆபத்தும் நிஜம். அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் இன்னொரு போர்க்கால விமானமான பி-17, 2019 அக்டோபரில் பயணிகளோடு கிளம்பி விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். பராமரிப்புக் குறையும் காரணம் என்றது விசாரணை. 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் கண்காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் நடுவானில் மோதி ஆறு பேர் பலியானார்கள். ‘இனி இவற்றைப் பறக்கவிடத்தான் வேண்டுமா?’ என்ற கேள்வி ஆர்வலர்களுக்குள்ளேயே எழுந்தது. ‘சத்தமும் புகையும் இல்லாவிட்டால் அது விமானமா, பொம்மையா?’ என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறுத்திவைப்பதிலும் ஓர் அழகு உண்டு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து கடலைக் காவல் காத்த டி.யு.142 ரோந்து விமானங்கள் 29 ஆண்டுகள் சேவை செய்து, 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றன. அதில் ஒன்று ஏப்ரலில் கடைசியாக ஒருமுறை விசாகப்பட்டினத்துக்குப் பறந்தது. அங்கே பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மறுபடி பொருத்தினார்கள். இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே ஏறிப் பார்க்கலாம். கடற்கரை உப்புக்காற்றில் அது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

பறக்காத இரண்டு விமானங்கள்

‘இத்தனை செலவும் சிரமமும் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்குச் சென்னை குரோம்பேட்டையில் ஒரு பதில் இருக்கிறது. 1950-களில் எம்.ஐ.டி. கல்லூரி வளாகத்தில், மாணவர்கள் பாடம் படிப்பதற்காக, படையிலிருந்து கழித்த இரண்டு விமானங்களை நிறுத்திவைத்திருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு மாணவர், மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்திருந்தார். முதலாண்டு முடிந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, அந்த மாணவர் யோசிக்காமல் விமானப் பொறியியலை எடுத்தார்.

அவர்தான் அப்துல் கலாம். தன்னை ஈர்த்த அந்த இரண்டு விமானங்களைப் பற்றி ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த விமானங்கள் அதன் பிறகு ஓர் அடிகூட மேலே எழும்பியதில்லை. காயலான் கடைக்குப் போட்டிருந்தால் அன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கலாம்.

அடுத்த முறை பிள்ளைகளோடு பெங்களூரு போனால், லால்பாக் பார்த்த கையோடு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நம் நாட்டிலேயே வடிவமைத்த ‘மாருத்’ போர் விமானம் அங்கே நிற்கிறது. பிள்ளை அதன் அருகில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால், ‘வா வா, நேரமாச்சு’ என்று அவசரப்படுத்த வேண்டாம்!