கனிந்த பழம், சூடான பெட்டி

வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் வீட்டில் அதற்கு மரியாதை போய்விடுகிறது. பிள்ளைகள் தொடமாட்டார்கள். பெரியவர்கள் வீணாகப் போகிறதே என்று ஒன்றை உரித்துச் சாப்பிடுவார்கள். மிச்சம் மாட்டுக்குப் போகும். தேனி மாவட்டத்தில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். தோட்டத்திலிருந்து ஒரு தார் வந்து இறங்கினால் எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுத்துத் தொலைக்கும். எத்தனை பேர்தான் தின்பது? வீட்டில் கேக் சுடப் பழகியவர்களுக்கோ அந்தக் கரும்புள்ளிதான் நல்ல சேதி.

பச்சைக் காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. காய் முற்றியதும் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிடுகிறது. அந்த வாயு காய்க்குள் இருக்கும் நொதிகளைத் தட்டி எழுப்ப, அவை மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. நன்றாகக் கனிந்த பழத்தில் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினும் இளகிவிடுவதால் முள்கரண்டியால் இரண்டு அழுத்து அழுத்தினாலே சதை கூழாகிவிடும். கேக்குக்குத் தேவையான இனிப்பு, ஈரம், மணம், கொஞ்சம் புளிப்பு எல்லாம் ஒரே பழத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஜி-9 பழமானாலும் நாழிப்பூவன் ஆனாலும் தோல் பாதிக்கு மேல் கறுத்த பிறகு எடுப்பதே சரி.

புளிப்பு என்று சொன்னேன் அல்லவா, கேக் எழும்புவதற்கு முதல் காரணம் அதுதான். ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு காரத்தன்மை உடையது. அதனுடன் பழத்தின் அமிலமும் ஒரு கரண்டி தயிரின் அமிலமும் சேர்ந்ததும் கரியமில வாயு குமிழியாகக் கிளம்பும். கலக்கிய மாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் மேலே ஊசிமுனை அளவில் குமிழிகள் வெடிப்பது தெரியும். அமிலம் போதாமல் சோடா மிஞ்சினாலும் சூட்டில் அது வாயுவை விடத்தான் செய்யும். ஆனால் அடியில் சோடியம் கார்பனேட் தங்கிவிடும். சில கேக்குகளில் சோப்பு வாடை அடிப்பதற்குக் காரணம் அதுதான். கடையில் டப்பாவில் விற்கும் பேக்கிங் பவுடரில் சோடா உப்பும் உலர்ந்த அமிலப் பொருளும், ஈரம் பட்டுக் கெடாமலிருக்கக் கொஞ்சம் சோளமாவும் ஒன்றாகவே இருக்கும். 1843இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவி ரொட்டி சாப்பிட வேண்டும் என்று ஒருவர் எடுத்த முயற்சிதான் இன்று உலகத்துச் சமையலறைகளில் எல்லாம் டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பொடியும் சோடாவும் மலிவாகப் பரவிய பிறகுதான், 1930களில், அமெரிக்க வீடுகளில் கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து கேக் சுடும் வழக்கம் ஊன்றியது. அது பொருளாதார மந்தம் வாட்டிய காலம். பழத்தைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. கேரளத்தின் தலச்சேரியில் 1880இல் மம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883 கிறிஸ்துமஸுக்கு முன்பு பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதைப்போல் செய்து தரமுடியுமா என்று கேட்டாராம். பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிவாழையும் ஊறிய உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றிப் பாப்பு சுட்டுக் கொடுத்தார் என்றும், இந்தியர் ஒருவர் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுவே என்றும் சொல்லிவருகிறார்கள். இல்லாத பொருளுக்கு ஏங்கி நிற்காமல் கைக்கெட்டிய வாழையை எடுத்துக்கொண்டார் பாருங்கள், அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கேக் சுட உட்காருபவருக்கும் அதே வசதி இருக்கிறது. வாழை, திராட்சை, தேங்காய் எல்லாம் வாசலிலேயே கிடைக்கின்றன; ஏலக்காய் போடியிலிருந்து வருகிறது.

மாவு மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். மைதாவில் குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டு, பிசைய ஆரம்பித்தால் இரண்டும் கைகோத்துக் குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையாகிவிடும். பரோட்டாக் கடையில் மாவை அடித்து, ஊறவைத்து, விசிறிப் போடுவதெல்லாம் இந்த வலையை வளர்க்கத்தான். கேக்குக்கு அது எதிரி. அதே மைதாதான், ஆனால் இங்கே கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. முட்டை, எண்ணெய், சர்க்கரை, பழக்கூழ் இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். மாவு விழுந்த பிறகு பத்துப் பன்னிரண்டு சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே சின்னக் கட்டி தெரிந்தால் தெரியட்டும், வேகும்போது கரைந்துவிடும். கட்டி இருக்கிறதே என்று மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டினால் வருவது ரப்பர்தான்.

இனி அந்தப் பெட்டி. வீடுகளில் ஓடிஜி என்று சொல்லும் சிறிய மின் அடுப்புக்குள் மேலே இரண்டு, கீழே இரண்டு கம்பிகள் தெரியும். கண்ணுக்குத் தெரிவது வெளிக்குழாய் மட்டுமே. அதற்குள் நைக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகத்துக்கு 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். செக்கச்செவேல் என்று பழுத்தாலும் சட்டென்று துருப்பிடித்து அறுந்துபோகாத கம்பி அப்போதுதான் கிடைத்தது. டோஸ்டர், மின் அடுப்பு எல்லாம் அதன் பிறகுதான் வீடுகளில் பரவின. வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் அதே இரட்டை உலோகப் பட்டை. இரண்டு உலோகமும் வேறு வேறு அளவில் விரிவதால் பட்டை வளைந்து மின்சாரத்தை நிறுத்தும், ஆறியதும் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். அதனால் குமிழை 180இல் வைத்தாலும் உள்ளே சூடு கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பத்து நிமிடம் முன்சூடு செய்யச் சொல்வது, கேக் உள்ளே போகும்போதே பெட்டி அந்தச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 1500 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான் ஆகும்; இது விட்டுவிட்டு எரிவதால் அதைவிடக் குறையும். அந்த மின்சாரத்தில் ஒரு துளியாவது லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்தில் பிறந்ததாக இருக்கலாம். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் அங்கே குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, அதன் பிறகுதான் வயலுக்கும் வாழைக்கும் போகிறது.

பெட்டி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். தடித்த அடியுள்ள பழைய பாத்திரத்தில் மணலையோ கல்லுப்பையோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிவைத்துக் கேக் சுட்ட தலைமுறை நம்முடையது. சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மேல்புறம் வெளிறியே இருக்கும், மற்றபடி ருசிக்குக் குறைவில்லை. சாதாரண மைக்ரோவேவ் பெட்டியை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முக்கியமாகப் பொருளுக்குள் இருக்கும் தண்ணீரைச் சூடாக்கும் கருவி, மேலே பொன்னிறம் ஏறாது.

மாவை டின்னில் ஊற்றி உள்ளே வைத்தாயிற்று. இனி கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஓரம் மினுமினுப்பு இழந்து மங்கும். டின்னின் சுவர் முதலில் சூடாவதால் அங்கே மாவு முதலில் இறுகுகிறது. நடுப்பகுதி இன்னும் கூழ்தான், லேசாகத் தளும்பும். உள்ளே சிக்கிய காற்று விரிகிறது, கரியமில வாயு பெருகுகிறது, நீர் ஆவியாகிக் குமிழிகளை இன்னும் ஊதுகிறது. ஓரம் இறுகிவிட்டதால் நடு மேல்நோக்கிப் புடைத்து, கடைசியில் உச்சியில் ஒரு வெடிப்பு விடும். அது குறை அல்ல, உள்ளே எழுச்சி நன்றாக நடந்ததற்குச் சாட்சி. இதற்குள் முட்டைப் புரதம் உறைந்து மாவுச்சத்து நீர் குடித்து உப்பி, குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். அந்தச் சுவர் எழும்பும் முன் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு நடு அமுங்கிப்போகும். முதல் அரை மணி நேரம் திறக்கவே கூடாது. மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டியதும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மையார் 1912இல் விவரித்த வினை இது. காப்பிக்கொட்டை வறுக்கும்போதும் முறுகல் தோசையிலும் நடப்பது இதுவே. அந்த வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போகும். பக்கத்து வீட்டிலிருந்து ‘என்னக்கா செய்றீங்க?’ என்று ஒரு குரல் நிச்சயம் வரும்.

இந்த அரை மணி நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தோட்ட வேலை, கடை, பள்ளிக்கூடம், கடன் தவணை என்று ஓடுகிற வீட்டில் கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் மெல்ல மாறுவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வாய்ப்பு அரிது. ஏன் மாறுகிறது என்றும் தெரிந்துவிட்டால் அந்தச் சின்னச் சந்தோஷத்துக்கு அலுப்பே கிடையாது.

அளவு கேட்பீர்கள். நன்கு கனிந்த பழக்கூழ் 300 கிராம், மைதா 200, சர்க்கரை 140, கடலை எண்ணெய் 90 மில்லி, முட்டை இரண்டு, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, சோடா உப்பு முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் எட்டு. 175 டிகிரியில் 50 நிமிடம் போல ஆகும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். முட்டை சேர்க்காதவர்கள் தயிரைக் கூட்டிக்கொள்ளலாம், கேக் கொஞ்சம் கனமாக வரும்.

இந்த அளவு கம்பத்துக்குச் சரி. சின்னமனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் வரும் மேகமலைக்குச் சரிவராது. பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். மேகமலை 1500 மீட்டரை ஒட்டியது. மேலே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குமிழியை அமுக்கிப் பிடிக்கும் காற்றும் குறைவு என்பதால் கேக் சுவர் இறுகும் முன்னரே விறுவிறுவென்று எழும்பிப் பிறகு உட்கார்ந்துவிடும். அங்கே சோடாவைக் கால்பங்கு குறைத்து, ஒரு கரண்டி மாவு கூட்டி, சூட்டை 10 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு கேக் இப்படி நடந்துகொள்வதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஏலக்காய் பற்றி ஒரு வார்த்தை. மேலே ஏலமலையில் விளைந்து போடிநாயக்கனூரில் ஏலம் போகும் காயின் வாசம் விதையில்தான் இருக்கிறது. சினியோல், டெர்பினைல் அசிடேட் போன்ற எண்ணெய்கள் அவை. பொடித்து வைத்தால் பறந்துவிடும். ஆகவே அன்றைக்கே தட்டி, முதலில் எண்ணெயிலும் சர்க்கரையிலும் கலந்துவிடுங்கள். கொழுப்பில் கரைந்த வாசம் சூட்டிலும் ஓரளவு தங்கும். தோலைத் தேநீருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையையும் விட்டுவிட முடியாது. விதையை எடுத்துவிட்டு, கூழைச் சர்க்கரையுடன் கெட்டியாகக் காய்ச்சி, ஆறியபின் மாவின் மேல் கோடுகளாக விட்டுக் கிளறினால் அருமையாக இருக்கும். சோடா மிஞ்சிய மாவில் விட்டால் மட்டும் ஊதா நிறம் நீலமும் சாம்பலுமாக மாறிப் பார்க்கவே பயமாக இருக்கும்! திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். கேக் கெடவில்லை, அளவு தவறியது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

சுட்ட கேக்கை டின்னிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு அறுங்கள். சூட்டோடு அறுத்தால் பிசுபிசுக்கும். மறுநாள் ருசி இன்னும் கூடும். தேனி வெயிலுக்கு வெளியில் இரண்டு நாள்தான் தாங்கும், அதற்குமேல் குளிர்பெட்டிதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. விலையுயர்ந்த பெட்டி வாங்கும் முன் சமையலறைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு தம்ளரில் திராட்சைச் சாறு ஊற்றி, ஒன்றில் எலுமிச்சையும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை சோடாவும் அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.